கட்டில் எந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவின் கட்டிலைச் சமையலறைப் பக்கத்து அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றுவது என்று, மூன்று நாள் ஆலோசனைக்குப் பிறகு, வக்கீல் முன்னிலையில் இம்மாதம் நாலாம் தேதி ஒருமனதாக முடிவெடுத்தோம். மற்றபடி இருவரும் மூட்டுவலியோடு சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கட்டில் ஏன் என்றால், பக்கத்துக் கிடங்குக்காரர், நம் வீடு தன் மனையில் நிற்கிறது என்று துறைமுகக் கோர்ட்டுக்குப் போனாரே, அந்த விவகாரம்தான். கப்பல் சரக்குச் சண்டைகளுக்காக எந்தக் காலத்திலோ வைத்த கோர்ட் அது, கடல் அலை தொட்ட இடம் வரை அதன் ராஜ்யம். அலை பின்வாங்கி நூறு வருஷம் ஆகிறது, கோர்ட் பின்வாங்கவில்லை. அந்த எல்லைக்கோடு நம் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நிலைப்படி மேலேயே போகிறது, கோட்டுக்குச் சமையலறைப் பக்கத்தை இடிக்க அவர் உத்தரவும் வாங்கிவிட்டார். நகரக் கோர்ட்டில் தடை கேட்கலாம், ஆனால் மனுதாரர் படுக்கிற இடம் எந்தக் கோர்ட் எல்லையோ அதுதான் விசாரிக்கும் என்றார் வக்கீல். வீடு அம்மா பேரில் இருக்கிறது, ஆகவே கட்டில் நகர்ந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நகரக் கோர்ட் அமீனா பார்வையிட வந்தார். கூடத்துக் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது, அம்மா குளிர்ச்சியாக இருக்கிறதென்று சமையலறைத் தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி, நீங்க படுக்கறது எங்கேம்மா என்று கேட்டார். நான் கண்ஜாடை காட்டினேன், அவள் கண்ணாடி போட்டிருக்கவில்லை. ராத்திரி அங்கே, மத்தியானம் இங்கே, ரெண்டு இடத்துல தூங்கினா குத்தமாய்யா என்றாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். பாதி நேரம் குடியிருப்பவர் நம் எல்லைக்குள் வரமாட்டார் என்று நகரக் கோர்ட் மனுவைத் திருப்பியது, துறைமுகக் கோர்ட்டில் கொடுத்தோம், அதுவும் அதே காரணம் சொன்னது. இரண்டு கோர்ட்டும் ஒத்துப்போனதை முப்பது வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன் சார் என்று குமாஸ்தா எனக்குக் கைகொடுத்தார். மேல்கோர்ட்டோ தீர்ப்பின் மேல்தான் அப்பீல் கேட்குமாம், மனுவைத் திருப்பியது தீர்ப்பு இல்லையாம். அம்மா இரண்டு நாளாக நிலைப்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், எல்லாம் என்னாலதானே என்கிறாள். இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லாததுபோல் பார்க்கிறாள்.

நீ வேறு வீடு பார்ப்பதாக இருந்தால் முதலில் எந்தக் கோர்ட் எல்லை என்று கேள், தண்ணீர் வருமா என்பதைப் பிறகு கேட்கலாம். லீவு போட்டு ஓடி வராதே, வந்து செய்ய ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடு. இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒரே கோர்ட்டின் எல்லைக்குள் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் திங்கட்கிழமை வந்து கோடு வரை இடித்துவிட்டார்கள். கூடத்தின் கூரை அந்த நிலைப்படிச் சுவரில்தான் நின்றிருந்தது. வக்கீல் வீட்டு மாடியில் இருக்கிறோம், பதிலை அங்கே எழுது.