நெல்லிவாசல் பாறையில் உங்கம்மா பார்த்த பூ

அன்பு மகள் ரம்யாவுக்கு, புதூர்நாட்டுலேர்ந்து அப்பா எழுதறது. நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஊருக் குளிருல ஒரு குறையும் இல்லாம இருக்கணும். போன்ல சொன்னா பாதியிலயே உங்கம்மா பிடுங்கிப் பேசிடுவா, அதான் கடுதாசி. புரட்டாசி மழை நல்லா பேஞ்சுது, சாமையும் வூடு வந்து சேர்ந்துடுச்சு. விஷயத்துக்கு வர்றேன். உங்கம்மாவோட பூ கிடைச்சுடுச்சும்மா.

உனக்குப் பாதி தெரியும், மாப்பிள்ளைக்கு முழுசா படிச்சுக் காட்டு. நம்ம மலையில பொம்பளைங்க காலேஜ் வாசலே மிதிக்காத காலத்துல செடிகொடியைப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்கினவ அவ. நீ பொறக்கறதுக்கு முன்ன ஒரு மழைக்காலம், நெல்லிவாசல் பக்கம் தண்ணி கசியற பாறையில, காசித்தும்பை ஜாதியில ஒரு சின்னச் செடி பார்த்தா. வெள்ளைப் பூ, உள்ள மஞ்சக் கீத்து. இதுவரைக்கும் யாரும் கண்டு சொல்லாத செடின்னு பேரு வெச்சு எழுதினா. அத்தாட்சிக்குன்னு காயவெச்சுக் கொடுத்த செடியை காலேஜ் அலமாரியில பூச்சி அரிச்சுடுச்சு, மறுபடி போய்ப் பார்த்தா பாறை மேல மண்ணு சரிஞ்சு கிடக்குது. சென்னையில ஒரு கூட்டத்துல பெரிய புரொபசர் ஒருத்தர், அந்தம்மா வேற எதையோ பார்த்துட்டு ஆசையில எழுதிட்டாங்கன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சாராம். அப்புறம் எவ்வளவோ செடிங்களைப் பத்தி எழுதினா, பாடம் எடுத்தா, ரிடையரும் ஆனா. ஆனா மழை வந்தா அந்தப் பக்கம் ஏறிப் போவா, வெறுங்கையோட திரும்பி வந்து சோறு வடிப்பா. போன வருஷம் முட்டி வலிக்கு டாக்டர் மலை ஏறக்கூடாதுன்னதும் பூ பார்க்கற லென்சைப் பெட்டியில போட்டு மூடிட்டா. வூட்டுல பேச்சே குறைஞ்சுபோச்சு.

இந்த மழையில வாணியம்பாடிப் பொண்ணு தூபா, அதே படிப்புல ஆராய்ச்சி பண்ணுது, போன் பண்ணுச்சு. மேடம், நெல்லிவாசலுக்கு மேல வேற ஒரு ஓடையில நீங்க எழுதினது மாதிரியே நிக்குது, நீங்க வர்ற வரைக்கும் நான் கை வெக்க மாட்டேன்னுச்சு. நான் இன்னா சொல்லியும் இவ கேக்கல. நம்மூரு வடிவேலு ஜீப்பு போற மட்டும் போய்ட்டு அப்புறம் நடை. வழுக்குப் பாறையில உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினா, எனக்கு உசுரே இல்ல. செடிகிட்ட குனிஞ்சு ரொம்ப நேரம் லென்சுல பார்த்தா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “நான் பொய் எழுதலைங்க”ன்னு சொல்லி ஓன்னு அழுதா. அந்தப் பொண்ணும் அழுதுடுச்சு. நான் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அத்தாட்சிக்கு ஒரு செடியை வேரோட எடுக்கலாமான்னு தூபா கேட்டுது. வேணாம், இருக்கறதே கொஞ்சம், பூவோட ஒரு கிளை போதும்னுட்டா. அதைத்தான் சென்னையில செடி ஆராயறவங்களுக்கு அனுப்பினோம். நேத்து பதில் வந்துடுச்சு. புதுச் செடிதானாம், உங்கம்மா வெச்ச பேரே நிக்குமாம்.

முட்டி வீங்கித்தான் இருக்கு, தைலம் தேச்சுவிடறேன், பயப்படாத. பட்டப்பகல்ல வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறா, இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்ல. நீ வேலை மாத்தறேன்னியே, அவசரப்படாத, வேளைக்குச் சாப்பிடு. நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம நல்லா இருங்க. ஒண்ணு மறக்காத, கூப்பிட்டா எடுத்த எடுப்புல முட்டியைப் பத்திக் கேக்காத, பூவைப் பத்திக் கேளு. ஊரு பூரா சொல்லிட்டா, உன்கிட்ட சொல்லத்தான் காத்துக்கிட்டு இருக்கா.

உன் அப்பா,
அருணகிரி