நீங்கள் கடைசியாக நடித்த இடம்

மாமி,

டீவியில் சத்தம் போய்ப் பத்து நாளாகிறது. படம் மட்டும் ஓடுகிறது. ஹாலிஎலயில் பழுதுபார்க்கிறவரிடம் கொண்டுபோக வேண்டும். என் முழங்கால் இருக்கிற இருப்பில் பஸ் ஏற மனமில்லை. அதனால் சாயங்காலங்களில் சத்தமில்லாமலே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு பெண் வாயைத் திறந்து திறந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கடைசிவரை எனக்கு விளங்கவில்லை. நீங்கள் அழுதிருந்தால் விளங்கியிருக்கும். அப்போது வந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

நான் பூனாகலையிலிருந்து உங்கள் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, லயத்து வரிசை வீடுகளில் உங்களுக்கு 'ஊமைச்சி' என்று பெயர். பேச வரும். ஆனால் முதல் எழுத்து தொண்டையில் மாட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்க நீங்கள் படும் பாட்டைப் பார்க்க முடியாமல், எதிரில் இருப்பவர்களே மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். நீங்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள். பிள்ளைக் காம்பராவில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. தாய்மார் மலைக்குப் போன பிறகு அத்தனை பிள்ளைகளும் அழாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் நடிகையாக இருந்தவர் என்று உங்கள் மகன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். பிறகு ஒரு மழை நாளில், அடுப்படியில் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, நீங்களே சொன்னீர்கள். அவசரப்படுத்தாத ஆளிடம் உங்களுக்குப் பேச்சு கொஞ்சம் வரும். மதராசில் உங்கள் அப்பா நாடகக் கொட்டகையில் திரை இழுக்கிறவர். உங்களுக்குப் பதினாறு வயதானபோது படம் பிடிக்கக் கூட்டிப்போனார்கள். சத்தமே இல்லாத படங்கள். மொத்தம் நாலு. ஒன்றில் ராணி, ஒன்றில் பைத்தியக்காரி, மற்ற இரண்டிலும் புருஷன் விட்டுப்போன பெண்.

"வாய் அசைஞ்சா போதும் புள்ள. எ... என்ன பேசுறேன்னு எவனும் கேக்கல. அங்கன எனக்குத் தி... திக்கவே இல்ல," என்றீர்கள்.

பிறகு பேசும் படம் வந்தது. ஒரு அறையில் உட்காரவைத்து எதையாவது பேசச் சொன்னார்கள். உங்கள் பெயரின் முதல் எழுத்தே வெளியே வரவில்லை. "இனிமே மொகம் மட்டும் பத்தாதும்மா," என்று ஒருவர் சொன்னாராம். கோபமில்லாமல்தான் சொன்னாராம். அந்த வருஷமே சொந்தக்காரர்களோடு கப்பல் ஏறி, தேயிலைக் கொழுந்து எடுக்க இந்த மலைக்கு வந்தீர்கள். அப்போது வயது இருபது.

கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, பாதிதான் நம்பினேன்.

எனக்கு முதல் பிள்ளை உண்டான சமயம் அது. நாலு மாதம். மேல்மலையில் பனி இறங்கியிருந்த ஒரு காலையில், கொழுந்து எடுக்கிற நிரையில் பின்தங்கிவிட்டேன் என்று கணக்கப்பிள்ளை வந்து ஏசினார். மலையில் எங்களை வேலை வாங்குகிறவர் அவர். நானும் திருப்பிச் சொல்லிவிட்டேன். தோளில் ஒரு தள்ளு. பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் விழுந்தேன். விறகு பொறுக்க வந்த நீங்கள் மேல் ரோட்டில் நின்று அதைப் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது.

ஆபிஸில் விசாரணை வைத்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை, பெரிய கிளாக்கர், தொழிற்சங்கத் தலைவர், கணக்கப்பிள்ளை, உங்கள் மகன், நான், நீங்கள்.

"நான் அந்தப் பொம்பள கிட்டயே போகல சேர். வழுக்கி விழுந்திருக்கு," என்றார் கணக்கப்பிள்ளை.

"சொல்லு அம்மா, நீ என்னா பாத்தது?" துரை தனக்குத் தெரிந்த தமிழில் உங்களைக் கேட்டார்.

"க... க... க..."

அதற்கு மேல் வரவில்லை. கிளாக்கர் மணிக்கூட்டைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை சிரித்தார். "இதுக்குப் பேச்சே வராது சேர். இது எப்பிடி சாட்சி சொல்றது?"

நீங்கள் போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி நாற்காலியில் வைத்தீர்கள். அறை நடுவில் வந்து நின்றீர்கள். முதலில் கணக்கப்பிள்ளையாக நடந்தீர்கள். காற்சட்டையை ஏற்றிவிட்டு, பொல்லுத்தடியை அக்குளில் இடுக்கி, தாடையைத் தூக்கிக்கொண்டு. தலைவர் சிரிப்பை அடக்கக் கீழே குனிந்தார். பிறகு நானானீர்கள். கொழுந்து எடுக்கிற கை, நடுவில் ஒரு தடவை வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. நான் அப்படித் தொட்டுக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. மறுபடியும் அவர். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுவந்து முழுப் பலத்தோடு ஒரு தள்ளு. மறுபடியும் நான். அறுபது வயதில், சிமெந்துத் தரையில், அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தீர்கள்.

"பொய் சேர்!" கணக்கப்பிள்ளை துள்ளி எழுந்தார். "ரெண்டு கையாலயா தள்ளினேன்? ஒத்தக் கையாலதான் சேர் தள்ளினேன். அதுவும் லேசா!"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது பிறகுதான் அவருக்கு விளங்கியது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் எழுந்திருக்கவில்லை. கிடப்பதும் நடிப்புத்தான் என்று நினைத்து நானும் பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது. உங்கள் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் ஓடிவந்தேன். இடுப்பெலும்பு உடைந்திருந்தது.

கணக்கப்பிள்ளையை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. கீழ்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். எனக்குப் பிறகு ஒரு மகன் பிறந்தான். நீங்கள் பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பிப் போகவேயில்லை. சாகும்வரை பன்னிரண்டு வருஷம், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தீர்கள். விடியற்காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகுமுன் உங்களைத் துடைத்துவிட்டு ஓடுவேன். மலையிலிருந்து வந்ததும் மறுபடி துடைப்பேன். பொய் சொல்ல மாட்டேன் மாமி, சில நாள் உங்களை வெறுத்தேன்.

"எதுக்கு அவ்வளவு பலமா விழுந்தீங்க?" என்று ஒரு நாள் கத்தியும்விட்டேன்.

"ஒ... ஒத்தக் கையின்னு தெரியும் புள்ள. கூட்டிக் காட்டினாத்தான் அவனுக்கு ரோ... ரோசம் வரும். மெதுவா விழுந்தா வராது," என்றீர்கள்.

இந்தத் தடவை லீவுக்குக் கொழும்பிலிருந்து பேத்தி வந்தபோது, உங்கள் பெயரைப் போனில் தேடச் சொன்னேன். நாலு படங்களின் பெயரையும் சொன்னேன். வெகுநேரம் தேடினாள். "அந்தக் காலத்துப் படமெல்லாம் அழிஞ்சுபோச்சாம் அப்பாயி. ஒரு போட்டோகூட இல்ல," என்றாள். நீங்கள் நடித்ததைப் பார்த்தவர்கள் என்று இனி எங்கும் யாரும் இருக்கமாட்டார்கள். ஆபிஸ் அறையில் இருந்தவர்களிலும் மிச்சம் நான் ஒருத்திதான்.

அன்றைக்கு உங்களைத் தோட்டத்து லொறியில் படுக்கவைத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தலை என் மடியில். ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்தீர்கள். ஹாலிஎல தாண்டியதும் என் கையைத் தட்டினீர்கள்.

"நல்லா இருந்திச்சா புள்ள?"

திக்கவில்லை. ஒரே மூச்சில் கேட்டீர்கள். எனக்குப் பிள்ளை போன துக்கம், உங்களை இப்படிப் பார்க்கிற பயம். "பேசாமப் படுங்க மாமி," என்றேன். நீங்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் கேட்கவே இல்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே காம்பராவில் இருந்தும் நானும் சொல்லவில்லை. சொல்லாத அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நல்லா இருந்திச்சு மாமி. நீங்க விழுந்தப்போ வலிச்ச அளவுக்கு, நான் கானுக்குள்ள விழுந்தப்போகூட எனக்கு வலிக்கல.