படையலுக்கு முன் ஒரு பங்கு

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், ஒடிசா மலையில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். மக்காச்சோளம் அறுத்தாயிற்று, புழு விழுந்ததில் பாதிதான் தேறியது. உன் தங்கை தேவயானிக்கு ஐந்தாம் மாதம், அரியலூரில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை.

உன் கடிதம் வந்தது. ஊழியத்துக்குப் போன ஊரில் கோழிக்குழம்பு வைத்தார்கள், அவர்கள் சாமிக்கு அறுத்ததாக இருக்கலாம் என்று தெரிந்தும் எதுவும் கேட்காமல் சாப்பிட்டேன், அப்புறம்தான் என்னை வீட்டுக்குள்ளேயே விட்டார்கள், பைபிளில் பவுல் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. போன ஆடி வெள்ளியில் அம்மா உனக்கு இலை போட்டுப் பரிமாறி, காளியாத்தாளுக்குப் படைச்சதுடா தம்பி, நல்லா சாப்பிடு என்றாள். ஞானஸ்நானம் வாங்கியிருந்த நீ இலையை மூடிவிட்டு எழுந்து, பைபாஸில் போய்ப் பரோட்டா தின்றாய். அவள் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முன்பின் தெரியாதவன் வீட்டில் இறங்குகிற சோறு பெற்றவள் கையில் இறங்காதா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் ஃபைல் பார்த்தவன், ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நோட் போட எனக்கு வராது. நீ அலமாரியில் விட்டுப்போன பைபிளை எடுத்து அந்த இடத்தைத் தேடிப் படித்தேன். முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார். அடுத்த வரியிலேயே, இது படைத்தது என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். அம்மா வாய்விட்டுச் சொன்னாள், ஆசையாகச் சொன்னாள், அதுதான் வினையாகிவிட்டது. நீ செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

இதை அவளிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். அப்புறம், பொங்கலுக்கு வரச் சொல்லுங்க, படைக்கிறதுக்கு முன்னாடியே அவனுக்கு எடுத்து வச்சிடறேன் என்றாள். சாமிக்குப் படைக்கும் முன் பொங்கல் பானையில் கரண்டி விட்டவள் இல்லை உன் அம்மா, என்னையும் ருசி பார்க்க விட்டதில்லை. காளியாத்தா கோவிச்சுக்க மாட்டாளா என்று கேட்டேன். அவகிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன்.

உனக்கும் நீ போய் இருக்கிற ஜனங்களுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், எங்கள் ஆசி உண்டு. ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. வந்து உட்கார்ந்தால், இந்த முறை இலையில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல் எழுந்திரு.

உன் அப்பா,
அழகேசன்,
சிறுவாச்சூர்.