ட்ரிப் சுவிட்ச் விழாத ஐந்து நாட்கள்

கொக்கட்டிச்சோலை
28.01.2026

அன்பு மகள் தனுஷியாவுக்கு,

நீயும் மருமகனும் பிள்ளைகள் இரண்டு பேரும் லண்டன் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தான்தோன்றீஸ்வரரை மன்றாடிக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். எங்கள் சுகத்தை ஒரு வரியில் எழுத முடியாது. நானும் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம், உன் தம்பியும் உயிரோடு இருக்கிறான், அதை முதலில் அறிந்துகொள். போனில் நீ அழுகிறாய், அம்மா அழுகிறாள், பல் போன வாயால் நான் சொல்வது உனக்கு விளங்கவில்லை. ஊரில் இருந்து நாலு பேர் நாலு விதமாக உனக்குச் சொல்லியும் இருக்கிறார்கள். இடது கை கட்டுப்போட்டுக் கிடந்தாலும் வலது கை எழுதும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

அம்மாவுக்கு மாரி காலத்தில் ஈர உடுப்பு வாசம் பட்டாலே இளைப்பு வருகிறது என்று நீ கார்த்திகையில் எடுத்துத் தந்த, உடுப்பு உலர்த்துகிற ட்ரையர் நல்ல மெசின், அதில் ஒரு பிழையும் இல்லை, இதை நீ மனதில் வைத்துக்கொள். லொறியில் இருந்து அதை இறக்கும்போது ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தைப் பக்கத்து வளவுப் பேரின்பராசா பிடித்தார். பின் விறாந்தையில் வைத்தோம். முதல் கிழமையே ஒருநாள் செத்தது போல நின்றுவிட்டது. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், சுவரில் கரண்ட் இருந்தது. அதே இடத்தில் அயன் பெட்டியைச் செருகினேன், சூடேறியது. மெசினின் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பியூஸ் எரிந்து, ஒரு கால் கறுத்துப் போய் இருந்தது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டு ஓட்டிய பிழைதான். தடித்த வயர் வாங்கி மீற்றர் பெட்டியில் இருந்து பின் விறாந்தை வரை தனி லைன் இழுத்து, இரண்டு ப்ளக் செருகும்படி பொயின்ட் வைத்தேன், அதற்குப் பிறகு மெசின் பூப்போல ஓடியது. முப்பது வருஷம் நெல் ஆலையில் மோட்டர் பார்த்தவன் அல்லவா, எனக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது. மறுநாளே பேரின்பராசாவைக் கூப்பிட்டு மெசின் சுற்றுவதைக் காட்டினேன்.

டிசம்பர் கடைசியில்தான், பிழை இருந்தால் வீட்டுக் கரண்டைத் தானாக வெட்டிவிடுகிற ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. பொழுது சாய்கிற நேரம், அம்மா உடுப்பைப் போட்டுக் கால் மணித்தியாலம் ஆகாது, டக் என்று வீடு முழுக்க இருண்டுவிடும். தூக்கிவிட்டால் திரும்ப விழும், பிறகு கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். மெசினுக்குள் பஞ்சு அடைத்திருக்கிறதோ என்று துப்புரவாக்கினேன், கதவு சரியாகப் பூட்டுகிறதா பார்த்தேன், பின் தகட்டைக் கழற்றி ஹீட்டரில் ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நாலாம் நாள் அம்மா வந்து, “இஞ்சேருங்க, மெசின்ட ப்ளக்க நான் மத்தியானமே கழட்டிப் போட்டன், இப்பவும் விழுந்து கிடக்கே” என்று சொன்னாள். மகள், அந்த ஒரு சொல்லை நான் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. உனக்கு இதெல்லாம் விளங்காது, போய்ச் சோற்றைப் பார் என்று சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது இப்போதும் தெரிகிறது.

பிறகு காத்தான்குடியில் இருந்து ஷிஹானைக் கூப்பிட்டேன், ஆலையில் வயர் வேலை பார்த்த பிள்ளை, உனக்கும் தெரியும். ஜனவரி ஐந்தாம் திகதி மழையோடு மழையாக மண்முனைப் பாலம் கடந்து வந்தான். மெசினைத் தனியாகப் பிரித்து ஒரு கருவி வைத்துச் சோதித்தான். “ஐயா, மெசின்ல ஒண்டும் இல்ல. வெளியில எங்கயோ கரண்ட் மண்ணுக்குப் போகுது. ட்ரிப் சும்மா விழாது, அது உங்களக் காப்பாத்துது. மழ விட்ட ஒடன ஞாயித்துக்கெழம வந்து பின் லைனத் தேடிப் பாப்பம், அதுவரைக்கும் அதுல கை வெக்காதீங்க” என்று சொன்னான். தம்பி நிதுர்ஷன் அப்போது தேத்தண்ணியோடு பக்கத்தில்தான் நின்றான். வாய் திறக்கவில்லை.

அவன் ஏன் திறக்கவில்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். போன வருஷம் பன்றி உழக்கிப் பாதி வயலும் போனது உனக்குத் தெரியும். இந்த முறை பயிர் கதிர் கட்டுகிற குடலைப் பருவத்துக்கு வந்ததும், மெசினுக்குப் பின்னால் நான் வைத்த பொயின்ட்டின் இரண்டாவது துளையில் இருந்து களவாக ஒரு வயரை எடுத்து, வேலிக்குள்ளால் பின் வயலுக்கு விட்டு, வரம்பு நெடுகப் பன்றிக்குக் கரண்ட் கம்பி கட்டியிருக்கிறான். பொழுது சாயச் செருகுவான், விடியக் கழற்றுவான். கம்பியில் ஈரப் புல் பட்டால் ட்ரிப் விழும், அவன் பேசாமல் போய்க் கழற்றிவிடுவான். நாங்கள் மெசினைத் திட்டுவோம்.

ஷிஹான் போன மறுநாள் பொழுதுபட மூன்று தரம் விழுந்தது. அம்மாவுக்கு அன்று நல்ல இளைப்பு, ஆவி பிடிக்கிற மெசினும் நடுவில் நின்று போனது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. குறடு ஒன்றை எடுத்து, ட்ரிப் சுவிட்சுக்குள் வருகிற வயரையும் போகிற வயரையும் கழற்றி நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டேன். அம்மா டோர்ச் பிடித்துக்கொண்டு நின்று, “அந்தப் பொடியன் வேணாமெண்டு சொன்னவனெல்லோ” என்று கேட்டாள். பேசாமல் பிடி என்றேன். அதற்குப் பிறகு ஐந்து நாள் கரண்ட் ஒருதரமும் போகவில்லை. நான் மெசினையும் ஷிஹானையும் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஜனவரி பதினோராம் திகதி ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம், பேரின்பராசா தன் வயலில் தண்ணீர் கட்டப் போனவர் எங்கள் வரம்பால் வந்திருக்கிறார். எனக்கு முதலில் கேட்டது அவருடைய சத்தம் இல்லை, அவர் மனைவி அஜந்தாவுடைய சத்தம். ஓடிப் போனேன். அவர் கம்பியைப் பிடித்தபடி சேற்றில் முழங்காலில் நின்றார், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, பல்லைக் கடித்ததில் நாக்கு பாதி அறுந்து வாயால் இரத்தம் வடிந்தது. அஜந்தா புருஷனைப் பிடித்து இழுக்கப் போய் அவளையும் தூக்கி எறிந்தது, திரும்ப எழும்பிப் போய்க் கம்பியையே பிடித்தாள். உள்ளங்கை இரண்டும் வெந்து அப்பால் விழுந்தாள். ரோட்டு லைன் அறுந்து வயலுக்குள் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன் மகள். வீட்டுக் கரண்ட் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி என்னைத் தள்ளி விழுத்திக்கொண்டு விறாந்தைக்கு ஓடினான், அவன் ஓடின திக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அவன் வயரைப் பிடுங்கினதும் பேரின்பராசா முகம் குப்புறத் தண்ணீருக்குள் விழுந்தார். திருப்பி எடுத்தோம். உயிர் இல்லை. கைவிரல்களைக் கம்பியில் இருந்து லேசில் விடுவிக்க முடியவில்லை, நான்தான் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன்.

அரை மணித்தியாலத்தில் அவருடைய தம்பிமார் இரண்டு பேரும் ஆட்களோடு வந்தார்கள். நிதுர்ஷன் வயலுக்குள் ஓடினான், சேறு விடவில்லை. மண்வெட்டிப் பிடியால் அடித்ததில் தாடை எலும்பு உடைந்தது. அதோடு விடவில்லை. அவனைத் தலைமுடியில் இழுத்துக்கொண்டு வந்து, அவனுடைய கையை அதே கம்பியில் வைத்து அழுத்திக்கொண்டு, “கரண்டப் போடு, போடுடா கரண்ட” என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். அம்மா அவன் மேலே விழுந்து கிடந்தாள், முதுகில் உதைத்தும் எழும்பவில்லை. இன்னும் இரண்டு பேர் விறாந்தைக்குப் போய் மெசினைக் கோடாலியால் கொத்தினார்கள், கதவுக் கண்ணாடி சிதறி, உள்ளே கிடந்த அம்மாவின் சேலையெல்லாம் வெளியே வந்து கிடந்தது. பொலிஸ் வந்துதான் தம்பியை எடுத்தது. இப்போது மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் காவலோடு இருக்கிறான், வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், திரவம் மட்டும்தான்.

அன்று பின்நேரம் நீ போன் எடுத்து, “மெசின்ல இருந்து கரண்ட் கசிஞ்சதெண்டு சொல்லுங்க அப்பா, தம்பிய வெளிய எடுக்கலாம்” என்று சொன்னாய். உன்னைக் குறை சொல்லவில்லை. நான் அதைவிட மோசமாகச் செய்தேன். பொலிஸார் மீற்றர் பெட்டியைத் திறந்து, இந்த வயர் முறுக்கியது யார் என்று கேட்டார்கள். காத்தான்குடியில் இருந்து ஒரு பொடியன் வந்து பார்த்தவன் என்று சொன்னேன். சொல்லில் பொய் இல்லை பார், அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தச் சொல் ஊருக்குள் போய், முஸ்லிம் ஊரான், காத்தான்குடியான் செய்த வேலை என்று ஆகிவிட்டது. சந்தியில் பொடியன்கள் கூடிக் கூடிக் கதைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். நாலு நாள் இருந்தேன்.

பொங்கலன்று, ஊரில் ஒரு பானையும் வைக்காத பொங்கல், ஷிஹான் அஜந்தாவைக் கண்டு துக்கம் விசாரிக்கத் தன்னந்தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தான். ஒரு குற்றமும் செய்யாதவன் அல்லவா, பயம் இல்லாமல் வந்தான். எங்கள் கேற்றுக்கு முன்னால் பேரின்பராசாவின் தம்பிமாரும் சந்திப் பொடியன்களும் மறித்தார்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே முகத்தில் அடித்தார்கள், மூக்கு சிதைந்தது. விழுந்தவனை ஏழெட்டுப் பேர் மிதித்தார்கள். “ஐயாட்டக் கேளுங்க, தொடாதீங்கண்டுதான் நான் சொன்னனான், ஐயாட்டக் கேளுங்க” என்று அவன் கத்தினான், கத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படி நின்றேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அம்மாதான் பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்து உலுப்பி, “பிள்ளயச் சாக்காட்டப் போறாங்க, வாயத் துறங்க, நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்” என்றாள்.

கேற்றைத் திறந்தேன். கத்தினேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. உள்ளே புகுந்து ஷிஹானுக்கு மேலே குனிந்தேன், அப்போது விழுந்த பொல்லடியில்தான் கை முறிந்தது. நான்தான் முறுக்கினேன், இந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னவன், நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பேரின்பராசாவின் மூத்த தம்பி ஹெல்மெட்டை எடுத்து என் வாயில் அடித்தான், திரும்ப அடித்தான். மண்ணோடு பல்லையும் துப்பினேன். நான் கை தூக்கவில்லை, தூக்க மனமும் வரவில்லை. அன்று என்னைக் கொன்றிருப்பார்கள். இரண்டு கையிலும் கட்டோடு அஜந்தா ஓடிவந்து நடுவில் நின்றாள். “விடுங்கடா அவர. செத்துப் போனா ஆர் வந்து உண்மயச் சொல்ற? உசிரோட கோட்டுக்கு வந்து சொல்லட்டும்” என்றாள். அவளுடைய வாயால் வந்த சொல்லில்தான் இன்றைக்கு நான் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பொலிஸாருக்கு முழுவதையும் சொல்லிக் கையெழுத்து வைத்தேன். நீதவான் வந்து பார்த்துப் பிணையில் விட்டார், தம்பிக்குப் பிணை இல்லை. போன கிழமை தம்பியைப் பார்க்க விட்டார்கள். வாய் திறக்க முடியாததால் கடதாசியில் எழுதிக் காட்டினான். ட்ரிப் விழாமல் விட்டபோது, தான் கம்பியை ஒழுங்காகக் கட்டிவிட்டதாக நினைத்தானாம். நான் மெசினைத் திருத்திவிட்டதாக நினைத்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்து ஒரு மனுஷனைக் கொன்றோம். அவன் தலையைத் தடவிவிட்டு, நான் செய்ததையும் நீ செய்ததையும் பிரித்துப் பிரித்துச் சொல்வோம், ஒன்றையும் மாற்றிச் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினான்.

ஷிஹான் அடுத்த வாட்டில்தான் கிடந்தான். இடது கண் இன்னும் தெளியவில்லை, தெளியலாம் என்று டொக்டர் சொல்கிறார். அவனுடைய உம்மா கட்டில் ஓரம் இருந்தார். நான் போய் நின்றதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “நாலு நாள் ஏன் பேசாம இருந்தீங்க ஐயா?” என்று மட்டும் கேட்டார். ஏசவில்லை, கத்தவில்லை. ஷிஹான் கண்ணை மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டான். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போனேன், அன்றும் கதைக்கவில்லை. போய்க்கொண்டுதான் இருப்பேன்.

அம்மாவைப் பற்றி யோசிக்காதே, இளைப்புக்கு மருந்து இருக்கிறது, முதுகு நோவும் குறைகிறது. அவளோடு கதைக்கும்போது நீயும் அவள் சொல்வதை முழுக்கக் கேள், நான்தான் கேட்காமல் விட்டேன். உன் வீட்டிலும் இப்படி மெசின் இருக்கிறது. கரண்ட் விழுந்தால் முதலில் ப்ளக்கைக் கழற்றிப் பார், அதற்குப் பிறகும் விழுந்தால் பிழை வேறு எங்கேயோ, வேலை தெரிந்தவரைக் கூப்பிடு, இருட்டில் இருந்தாலும் பரவாயில்லை. மருமகன் இப்போது வர வேண்டாம், பிள்ளைகளின் படிப்பைப் பாருங்கள். அவசரப்பட்டு வேறு மெசினும் எடுத்துத் தராதே.

பெப்ரவரி பன்னிரண்டாம் திகதி வழக்கு. எனக்குச் சிறை என்றால் சிறை, அம்மா அதற்கு ஆயத்தமாகத்தான் இருக்கிறாள். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல், ஒருவரோடு ஒருவர் மறைக்காமல் நெடுங்காலம் வாழ என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒரு காரியம் செய். உன் சின்னவள் போனில் அம்மாவிடம், “மெசின்தான் அந்த மாமாவச் சாகடிச்சதா?” என்று கேட்டாளாம். இல்லை என்று அவளுக்குச் சொல். அம்மப்பா ஒரு பிழை செய்தவர், நாலு நாள் கழித்துத்தான் ஒத்துக்கொண்டவர் என்று சொல். அவளுக்கு எட்டு வயது, விளங்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. அருமைநாயகம்