சொன்னது வெர்னா அத்தை இல்லை

அன்பு மகள் லியானுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை டேனும் அந்த மழை ஊரில் சுகமாக இருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அப்பா சுகம், தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சொன்னால் கேட்டால்தானே. நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டதும் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன அக்டோபரில் நீ உண்டாகியிருப்பதைச் சபையில் சொன்னது வெர்னா அத்தை இல்லை. நான்தான். யாரிடமும் சொல்லாதே அம்மா, முதல் தடவை போலக் கலைந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது என்று நீ அவ்வளவு கெஞ்சினாய். நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்லும்போது, வாயால் சொல்ல முடியாத விண்ணப்பம் என்று கையை மட்டும் தூக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டேன், நம் சபையில் அப்படிக் கை தூக்கினால் யாரும் என்ன ஏது என்று கேட்கக் கூடாது. கேட்கத்தான் இல்லை, ஆனால் மறுநாளே நம் சபை ஜொலீன் கோழிப் பதார்த்தம் ஒரு தட்டு நிறையச் செய்து எடுத்துக்கொண்டு வந்து, உன் வீட்டுக்காரருக்குக் குடல்ல ஏதாவதா நடீன், ஐயோ பாவம் என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்! அடுத்த புதன் எழுந்து நின்றேன், என் மகள் உண்டாகியிருக்கிறாள், ஜெபம் பண்ணுங்கள் என்றேன். இத்தனை நாள் அது ஜெபத்துக்காகச் சொன்னது என்றே என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன். இல்லையடி. ஏழு வருடமாக அவரவர் பேரப்பிள்ளை போட்டோவைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், என் முறை வந்துவிட்டது என்று காட்டத்தான் சொன்னேன். அத்தனை பேரும் கை தட்டினார்கள், எனக்கு உச்சி குளிர்ந்தது.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். பெண்கள் சேர்ந்து மஞ்சள் கம்பளிப் போர்வை பின்னி, எல்லோரும் வாழ்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பார்சல் அனுப்பினார்கள். குழந்தை போனதை நீ எனக்குச் சொல்ல மனசில்லாமல் வைத்திருந்தாய், அது போய்ப் பத்தாம் நாள் பார்சல் உன் வாசலில் வந்து நின்றது. நீ போனில் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. யாரும்மா சொன்னது, யாரு சொன்னது என்று கேட்டாய். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன் லியான், சத்தியமாகத் திறந்தேன். வந்ததோ, உங்க அத்தை வாயி சும்மா இருக்குமாடி என்பதுதான். மரியாதை, மானம், பொய் சொல்லாத நாக்கு, இதுதான் நம் அலபாமாத் தென்நாட்டுக் குடும்பம் என்று உன் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவி வளர்த்தவள் நான். எனக்கு யார் கழுவுவது.

இனி என் முகத்திலேயே முழிக்காதே என்று நீ அத்தைக்கு எழுதினாயாமே, மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் அதைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை. அந்தப் புதன்கிழமை அவள் எனக்கு இரண்டு இருக்கை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள், சொன்னது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நேற்று கல்லறை ஞாயிறு, வருஷா வருஷம் போல எல்லோரும் கூடி அவரவர் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து, அங்கேயே சாப்பிட்டோம். வழக்கம்போல ஆண்களுக்குள் கொள்ளுத்தாத்தா கல்லறையில், அவர் உள்நாட்டுப் போரில் தூக்கிய அந்தத் தோற்றுப்போன தென்நாட்டுக் கொடியை நடுவதா வேண்டாமா என்று வாய்ச்சண்டை, போதகர் ஹார்லன் வந்து, செத்தவங்க தூங்கட்டும், நீங்க சாப்பிட வாங்கப்பா என்று இழுத்துக்கொண்டு போனார். அத்தை முழங்கால் வலியோடு நம் வீட்டுக் கல்லெல்லாம் தேய்த்துக் கழுவிப் பூ வைத்தாள். மரத்தடியில் சாப்பிடும்போது ஜொலீன், ஏன் வெர்னா, உன் செல்ல மருமக வரலையா என்று குத்தலாகக் கேட்டாள். அத்தை சிரித்துக்கொண்டே, அவளுக்கு அங்க வேல தலைக்கு மேல, ஆனா வாரம் தவறாம எனக்குப் போன் போட்டுருவா என்றாள். என் கையில் இருந்த பொரித்த கோழியைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

பாத்திரம் கழுவும்போது அவளைத் தனியே பிடித்து, ஏன் வெர்னா அவகிட்ட உண்மையச் சொல்லல என்று கேட்டேன். ஆலை வேலைக்கு நான் ஓடிய நாளெல்லாம் உனக்குத் தலை வாரிச் சோறு ஊட்டியவள் அவள், அந்த உரிமையில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணி, பிள்ளையப் பறிகொடுத்துட்டு நிக்கிறா, அத்தை இல்லாம இருந்துருவா, அந்த நேரத்துல அம்மாவும் இல்லாமப் போனா அவ யாருகிட்டப் போய் அழுவா என்றாள். ஆறு மாதமாக நீ என் மடியில் அழுதாய் என்று பெருமைப்பட்டேனே, அந்த மடி அவள் எனக்கு விட்டுக்கொடுத்தது.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு முகம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு மகளே. மாப்பிள்ளையிடமும் இதைச் சொல். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதே. கர்த்தர் உன் வீட்டையும் உன் வயிற்றையும் ஆசீர்வதிக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் அத்தைக்குப் போன் போடு. எனக்குப் போடாவிட்டாலும் சரி, அவளுக்குப் போடு. மதியம் இரண்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அம்மா,
நடீன்
டெல்வுட், அலபாமா