என் வயிற்றுக்குள் ஒரு தோட்டம்

ஜெராம்,
12 ஜூலை

அன்பு மகள் தனேஸ்வரிக்கு,

உன் சித்தப்பா செல்லன் எழுதுவது. நானும் சித்தியும் தம்பி பவனேஷும் சுகம். சிகாமட்டில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். பதினோரு தடவை போன் அடித்தேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். ஒரு நீல டிக் கூட விழவில்லை. அதனால்தான் பேனா. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. நீ டீச்சர், சிவப்பு மையில் திருத்து. ஆனால் கடைசி வரை படித்துவிட்டுத் திருத்து.

முதலில் பெரிய சேதி. உன் சித்தப்பாவை டாக்டர்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள்! கிள்ளான் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நாடு முழுக்கச் சலித்துப் பார்த்து நாற்பது பேரைத்தான் பொறுக்கினார்களாம். அதில் முதல் பெயர் என்னுடையது. (சித்தி எட்டிப் பார்த்து, விடிகாலையிலேயே போய் முதல் நம்பர் எடுத்தா முதல் பேருதான் வரும் என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.)

ஆராய்ச்சி எதைப் பற்றி என்றால், சொரியாசிஸ் உள்ளவர்களின் குடலில் குடியிருக்கும் கிருமிகளைப் பற்றி. நடத்துகிறவர் டாக்டர் தயானி. நம் பழைய தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி சிதம்பரநாதனுடைய பேத்தி! தாத்தா காலையில் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு நம்மை எண்ணினார். பேத்தி நம் வயிற்றில் இருப்பதை எண்ணுகிறது. என்னை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்பாய். சொல்கிறேன், பொறு.

ஒரு டப்பா கொடுத்து, வெளிக்குப் போனதில் கொஞ்சம் எடுத்து வாருங்கள் என்றார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. படித்த பெண், கிராணி வீட்டுப் பேத்தி, அது கையில் அழுக்கையா கொடுப்பது? தோட்டத்தில் நம்மை எப்படி வளர்த்தார்கள்? பெரிய டாக்டரிடம் போவதற்கு முன் பேதிக்குக் குடித்து வயிற்றைக் கழுவிக்கொண்டுதானே போவோம். நானும் மரியாதையாக இரண்டு நாள் விளக்கெண்ணெய் குடித்துச் சுத்தபத்தமாகக் கொண்டுபோனேன். டாக்டர் டப்பாவைத் தூக்கிப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி டப்பாவைப் பார்த்தது. அங்கிள், லயத்து வீடுகள்ல இருந்த சனத்தையெல்லாம் அடிச்சு விரட்டிட்டு, வந்து ஆள் எண்ணுன்னா எப்படி லா என்று சிரித்தது பார், பக்கத்து அறை நர்ஸ் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். பேதி மருந்து தொடக்கூடாது, வழக்கமான சோறு தின்று ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டது.

ஆறு வாரம் கழித்துப் போனேன். மகளே, அன்றைக்குப் பார்த்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். சாயம் போட்டுப் பெரிதாக்கித் திரையில் காட்டியது. குச்சி குச்சியாகச் சில, பாசிமணி கோத்த மாதிரி சில, ஊதா நிறத்தில் கூட்டம் கூட்டமாக. ஒரு துளியில் இவ்வளவா என்றேன். நம் உடம்பில் எத்தனை உயிரணு உண்டோ, ஏறக்குறைய அத்தனை கிருமி நமக்குள் வாழ்கிறதாம். நான் வாயடைத்துப் போனேன். நீ நம்பமாட்டாய். சித்தி சாட்சி. நாற்பது வருடம் மண்டோர் வேலை பார்த்தேன், எண்பது பேருக்கு மேல் மேய்த்ததில்லை. என் வயிற்றுக்குள் இத்தனை கோடிப் பேர் எனக்குத் தெரியாமல், நான் ஒருநாள்கூடப் பேர் கூப்பிடாமல், வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

தோலில் தெரிந்தாலும் இது வெறும் தோல் வியாதி இல்லையாம். உடம்பைக் காக்கும் காவல்காரன் ஆள் தெரியாமல் வீட்டுக்காரனையே அடிப்பது. அந்தக் காவல்காரனுக்கு யாரை அடிக்கலாம், யாரை விடலாம் என்று சொல்லிக்கொடுப்பதில் குடல் கிருமிகளுக்கும் பங்கு உண்டாம். இந்த வியாதி உள்ளவர்கள் குடலில் சில கூட்டம் குறைந்தும் சில கூட்டம் கூடியும் இருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள்.

நான் சும்மா இருப்பேனா? செம்பனைக் காட்டில் நடந்ததைச் சொன்னேன். சாலையோரப் புல் பூண்டையெல்லாம் மருந்தடித்து மொட்டையாக்கிய வருடம் கூடு கட்டும் புழு வந்து மட்டையெல்லாம் சல்லடையாகப் போனது. பிறகு மஞ்சள் பூச்செடி நட்டோம். அந்தப் பூவுக்குக் குளவி வந்தது, குளவி புழுவைத் தீர்த்தது. அதே கதைதானே டாக்டர், வேண்டிய குடி போனால் வேண்டாதது ஆட்டம் போடும் என்றேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டது. (பேனா விழுந்தது, எடுக்க எழுந்தது என்கிறாள் சித்தி.) எழுந்தது மட்டுமா, ஒன்று சொல்லவும் செய்தது. கிருமி மாறியதால் வியாதி வந்ததா, வியாதி வந்ததால் கிருமி மாறியதா, இன்னும் உறுதியாகத் தெரியாது அங்கிள், அதைத்தான் தேடுறோம், தயிர் குடிச்சா போயிரும்னு ஊருக்குள்ள கதை கட்டிராதீங்க என்று. இத்தனை படித்தவர்கள் தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிறார்கள் மகளே. அதுவும் எனக்கு ஆச்சரியம்தான்.

இனி என்னை எதற்கு எடுத்தார்கள் என்பது.

மண்டோர் செல்லன் என்றால் முழுக்கைச் சட்டை என்று ஊருக்கே தெரியும். கெத்து என்று நினைத்திருப்பாய். பத்தொன்பது வருடமாக என் இரண்டு முழங்கையிலும் உன் கையில் இருப்பதுதான் இருக்கிறது. யாராவது பார்த்துவிட்டால் உரம் பட்டு வெந்தது என்பேன். சித்திக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் நிரப்பிய பாரத்தில் ஒரு கேள்வி. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? எங்கள் பரம்பரையில் கிடையாது என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது. டாக்டர் எழுதப் போனது. நிறுத்தச் சொன்னேன். என் அண்ணன் ஐயாவு மகளுக்கு உண்டு, தனேஸ்வரி என்று பேர், எழுதுங்கள் என்றேன். தொட்டால் ஒட்டுமா என்றும் கேட்டேன். ஒட்டவே ஒட்டாது என்றது. இத்தனை வருடம் அந்த ஒரு கேள்வியை நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை.

தை மாதம் உலு யாமில் தம்பிக்கு நிச்சயம். மணப்பெண் துளசிக்குப் பொட்டு வைக்க நீ குங்குமச் சிமிழை எடுத்தாய். கூடம் நிறைய ஆள். நான் பக்கத்து வீட்டு அம்சவள்ளியைக் கூப்பிட்டு, நீ வைம்மா, அவளுக்குக் கை சரியில்ல என்றேன். யாரோ கேட்டதற்கு, அது அவ அம்மா வழி என்றும் சொன்னேன். அண்ணி அங்கேதான் நின்றார்கள். நீ சிமிழை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறிப் போனாய். என் கை முழுக்கைக்குள் இருந்தது.

போன ஞாயிறு அண்ணியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். காப்பி கொடுத்தார்கள். அங்கிருந்து உலு யாம் போய்ச் சம்பந்தி சசிகுமார் முன்னால் சட்டையைச் சுருட்டிக் காட்டினேன். அவர் என் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே கையால் முறுக்கு எடுத்துத் தின்றார். துளசி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. அப்ப அக்கா வருவாங்களா மாமா என்று.

ஆவணி முதல் ஞாயிறு கல்யாணம். தாலியில் முதல் முடிச்சைத் தம்பி போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு. அம்சவள்ளியிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வந்து போட்டுவிடு தாயி. நான் அரைக்கைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன். மணவறையில் உன் பக்கத்தில்தான் நிற்பேன். இந்தக் கை யார் வழி என்று எவராவது கேட்டால், நீ வாயைத் திறக்க வேண்டாம்.

உன் கையும் மனசும் நோகாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

வாசலைப் பார்த்துக்கொண்டு,
சித்தப்பா செல்லன்