நாலு வரிச் செய்தியும் ஒரு பிழையான தலைப்பும்

அக்கா,

இன்று காலை பேக்கரியில் வாங்கிய பாணைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார்கள். சூட்டில் தாள் வியர்த்து, பாண் மணமும் மை மணமும் ஒன்றாய்க் கலந்திருந்தன. வீட்டுக்கு வந்ததும் பாணை எடுத்து வைத்துவிட்டு, தேநீர் ஆறுவதையும் மறந்து, அந்தத் தாளை மேசையில் விரித்துக் கையால் நீவினேன். விளையாட்டுப் பக்கம். முக்கால்வாசி கிரிக்கட். என் கண் தன்பாட்டில் இடப்பக்க அடிமூலைக்குப் போனது. "மற்றதெல்லாம் அவங்கட இடம் டீச்சர், அந்த மூலைதான் எங்கட இடம்" என்று நீங்கள் சொல்லும் மூலை. ஏதோ ஒரு பாடசாலையின் எல்லே என்ற மட்டைப்பந்துப் போட்டி முடிவு அதில் ஐந்து வரியில் இருந்தது. அந்த ஐந்து வரிக்காக எந்த ஊரில் எந்த நிருபர் எத்தனை தரம் கொழும்பிலுள்ள பத்திரிகைக் காரியாலயத்துக்கு அழைத்தாரோ. அப்படி நினைத்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

உங்களை நான் முதலில் பார்க்க வந்தபோது யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எத்தாளை என்ற கடற்கரை ஊர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக எனக்கு முதல் நியமனம். மைதானம் இல்லாத பாடசாலை. மதிலுக்கு வெளியே மணல், தாழம்பற்றை, பனை, அதற்கப்பால் தென்னந்தோட்டம். ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட்டால் காற்று அரை மணித்தியாலத்தில் அழித்துவிடும். அதனால்தான் பயிற்சிக் கல்லூரியில் பழகிய ஓரியன்டியரிங்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. பற்றைக்குள் ஆங்காங்கே செம்மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு கொடிகள் கட்டியிருக்கும். வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, முதலில் முடித்து வருபவர் வென்றவர். எட்டுப் பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள். கிரிக்கட் மட்டையையோ வலைப்பந்தையோ தொட்டிராத பிள்ளைகள். ஆனால் எந்தப் பற்றைக்குப் பின்னால் எது கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஊருக்குத்தான் விளங்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் கடற்கரைக்கு வரைபடத்தோடு வருபவன் என்றால், அவன் ஹோட்டலுக்குக் காணி பார்க்க வருபவன். கொடி கட்டினால் அது எல்லை போடுவதற்கு. நாங்கள் காலையில் கட்டிய கொடிகள் பின்னேரம் காணாமற்போயின. பிள்ளைகளை வைத்து நான் காணி அளக்கிறேன் என்று கதை பரவியது. வீட்டில் வாப்பாவும் அதையே சொன்னார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, என்னைத் தோளில் சுமந்துகொண்டு மன்னாரிலிருந்து வந்தவர் அவர். "மகள், கையில படத்தோட வந்த ஒருத்தனும் இதுவரைக்கும் எங்களுக்கு நல்லது செஞ்சதில்ல" என்றார்.

பாடசாலை அதிபர் நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். "பேப்பர்ல வரட்டும் டீச்சர். அச்சில கண்டா சனம் நம்பும். இந்தத் தவணைக்குள்ள வராட்டி நிப்பாட்டிப் போடுவம்" என்றார்.

அப்படித்தான் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்த உங்கள் கொமினிகேசன் கடைக்கு வந்தேன். போட்டோகொப்பி இயந்திரத்துக்கும் பெக்ஸ் இயந்திரத்துக்கும் நடுவில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள். இந்தக் கரையில் தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதிய ஒரே பெண். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, கத்தோலிக்கப் பெண், ஸ்கூட்டியில் எந்தப் பள்ளிவாசல் கூட்டத்துக்கும் எந்தக் கோயில் திருவிழாவுக்கும் தயக்கமில்லாமல் போய் நிற்பவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"இதில பந்து எங்க?"

"பந்து இல்ல அக்கா."

"பந்தும் இல்ல, பார்க்கிற சனமும் இல்ல. ஓடுற பிள்ளையும் பற்றைக்குள்ள. நான் எதைப் படம் எடுக்க?"

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு, இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று கேட்டீர்கள். வாசிக்கிறவருக்கு வாயில் வராத பெயரைப் போட்டால் செய்தி அதிலேயே செத்துப்போகும் என்றீர்கள். யோசித்து யோசித்து நான்தான் "வழிதேடி ஓட்டம்" என்றேன். உங்களுக்கும் பிடித்துப்போனது.

மூன்று தரம் அனுப்பினீர்கள். மூன்று தரமும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் நான் உங்கள் கடைக்கு வந்து பத்திரிகையைப் புரட்டிவிட்டுப் பாடசாலைக்குப் போவேன். நாலாம் தரம் அனுப்பியது, பாடசாலைத் தவணை முடிய மூன்று வாரம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை, வந்தது. படம் இல்லாமல் நாலு வரி. அதன் மேல் தலைப்பு: "காட்டில் வழிதேடி ஓடிய மாணவிகள்."

பாடசாலைக்கு நான் போய்ச் சேருமுன் தாய்மார் போய்ச் சேர்ந்திருந்தார்கள். யாரும் அந்த நாலு வரியை வாசித்திருக்கவில்லை. தலைப்பு ஒன்றே போதுமாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் காட்டில் வழி தவறினார்களா? ஏன் ஓடினார்கள்? யார் விரட்டியது? ரிஸ்னா என்ற என் மிகக் கெட்டிக்காரப் பிள்ளையின் உம்மா அழுதுகொண்டே கேட்டார்: "டீச்சர், எங்களுக்குத் தெரியாம என்ன நடந்திச்சு?" ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. பேப்பரில் வந்ததல்லவா! அச்சில் கண்டால் சனம் நம்பும் என்று அதிபர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இடைவேளையில் நேரே உங்களிடம் வந்தேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கு ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது. "உங்களுக்கு இது வெறும் செய்தி. எட்டுப் பிள்ளைகளுக்கு இனி வீட்டு வாசல் தாண்ட ஏலாது. எழுதத் தெரியாட்டி கடையை மட்டும் பார்த்திருக்கலாமே!" பத்திரிகையை உங்கள் மேசையில் வீசினேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். முகம் சிவந்திருந்தது. மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை பாடசாலை வாசலில் உங்கள் ஸ்கூட்டி நின்றது. அதிபரிடம் கேட்டுப் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தீர்கள். அவர்கள் முன் எழுந்து நின்று, "பிள்ளைகள் ஒருவரும் வழி தவறயில்ல. தவறினது பேப்பர். அதுக்கு நான் பொறுப்பு" என்றீர்கள். பிறகு என்னிடம் திரும்பி, "டீச்சர், கொடியைக் கட்டுங்க. எனக்கும் ஒரு வரைபடம் தாங்க. வாற உம்மாமாரும் வாங்க. இதில என்ன இருக்கெண்டு நாங்களே பார்ப்பம்" என்றீர்கள்.

ஐந்து உம்மாமார் வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. ஆறு கொடிகள். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால் ஓடினீர்கள். உம்மாமார் தங்கள் தங்கள் பிள்ளைகளோடு நடந்தார்கள். அரை மணித்தியாலத்தில் அவர்கள் எல்லாரும் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, யாருடைய மகள் முதல் கொடியைக் கண்டாள் என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். உங்களைக் காணவில்லை. இன்னும் கால் மணித்தியாலம் போனது. நேற்று அந்தத் தலைப்பு, இன்று நிருபரே காணாமற்போனால்?

"நான் போய்ப் பார்க்கிறன் டீச்சர்" என்று ரிஸ்னா எழுந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் உம்மாவைத்தான் பார்த்தேன். அந்தத் தாய் மகளின் தலைத்துணியைச் சரிசெய்துவிட்டு, "கெதியாப் போ. பாவம், அவங்களுக்குத் தண்ணி விடாய்க்கும்" என்றார்.

பத்து நிமிடத்தில் இரண்டு பேரும் வந்தீர்கள். உங்கள் கால் முழுக்கத் தாழைமுள் கீறல். ரிஸ்னா உங்கள் கையைப் பிடித்திருந்தாள். "அன்ரி படத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தாங்க" என்று அவள் சொன்னதும் எழுந்த சிரிப்பில் முதலாவது சிரிப்பு உங்களுடையது.

அன்று நீங்கள் எழுதியதைப் பத்திரிகைக்காரர்கள் விளையாட்டுப் பக்கத்தில் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதழின் நடுவில், அரைப் பக்கத்துக்கு, ரிஸ்னா வரைபடத்தைக் காட்ட நீங்கள் குனிந்து பார்க்கும் படத்தோடு வந்தது. "கடந்த வாரம் நான் காணாமற்போனேன். என்னைக் கண்டுபிடித்தவளுக்குப் பதின்மூன்று வயது" என்று தொடங்கியிருந்தீர்கள். அந்த இரண்டு வரிக்குப் பிறகு வாசிக்காமல் வைத்தவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. தேநீர்க் கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் தங்களையும் சேர்க்கச் சொல்லி வந்தார்கள். கரைவலை இழுக்கும் மீனவர் ஒருவர் பாடசாலைக்கு வந்து, ஒரு பையை நீட்டினார். அதற்குள் எங்கள் கொடிகள், கழுவிக் காயவைத்து மடித்தபடி. "காணிக்காரங்க எண்டு நினைச்சிட்டம் டீச்சர்" என்றார். அன்று பின்னேரம் வகுப்பறையில் தனியே உட்கார்ந்து நான் விட்ட மூச்சு, ஒரு தவணை முழுக்க அடக்கி வைத்திருந்த மூச்சு.

வாப்பா கட்டுரையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு எங்கள் வரைபடத்தைக் கேட்டார். விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இந்தக் கறுப்புப் புள்ளி என்ன மகள்?"

"அது எங்கட வீடு வாப்பா."

"எங்கட வீடும் இதில இருக்கா?" என்றார். இருபது வருடத்துக்கு மேல் "வந்த ஆக்கள்" என்றே அழைக்கப்பட்டவர். அந்தப் புள்ளியிலிருந்து விரலை எடுக்க அவருக்கு நேரம் எடுத்தது. "ஓம், அப்ப இது விளையாட்டுத்தான். ஓடட்டும்" என்றார்.

பிள்ளைகள் ஓடினார்கள். மாகாணப் போட்டியில் நான்காவதாக வந்தார்கள். நாங்கள் இருவரும் சினேகிதிகள் ஆனோம். ஆனால் அன்று கடையில் கத்தியதைப் பற்றி நான் ஒருநாளும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. பிழை உங்களுடையது, அதை நீங்கள் திருத்திவிட்டீர்கள், அதோடு சரி என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் நோயில் விழுந்து சிலாபத்தில் உள்ள தங்கையின் வீட்டுக்குப் போனபோது, பிரதேசச் செய்தி அனுப்பும் வேலையை என்னைப் பார்க்கச் சொன்னீர்கள். உங்கள் பழைய பைல்களும் என்னிடம் வந்தன. அனுப்பிய ஒவ்வொன்றின் மூலப் பிரதியையும் நீங்கள் வைத்திருந்தீர்கள். ஒரு சனிக்கிழமை புரட்டிக்கொண்டு போகையில் அதைக் கண்டேன். உங்கள் கையெழுத்தில், தலைப்பு: "வழிதேடி ஓட்டம்: பாடசாலை மாணவிகளின் புதிய விளையாட்டு." கீழே நாலு வரியல்ல, இருபது வரி. ஊர் பயப்படத் தேவையில்லை என்ற விளக்கம், பிள்ளைகளின் பெயர்கள், எல்லாம் இருந்தன. கொழும்பில் யாரோ அவசரத்தில் வெட்டிச் சுருக்கி, நான் வைத்த பெயரையே முறித்து வேறு தலைப்பாக்கியிருக்கிறார்கள்.

மறுநாளே சிலாபத்துக்குப் பஸ் ஏறினேன். அப்போது உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பார்வையாளர் நேரம் வரை வெளியே நின்றேன். மெலிந்திருந்தீர்கள், ஆனால் கண்ணாடி வழக்கம்போல நெற்றியில்.

"அக்கா, அந்தத் தலைப்பை நீங்க போடயில்ல."

எந்தத் தலைப்பு என்று நீங்கள் கேட்கவில்லை. "பைலைப் பார்த்திட்டீங்களா?" என்றீர்கள்.

"ஏன் சொல்லயில்ல? அவ்வளவு பேருக்கு முன்னால நான் கத்தினனே."

"சொல்லியிருந்தா நீங்க கொழும்போட சண்டைக்குப் போயிருப்பீங்க. தவணை முடிஞ்சிருக்கும். பிள்ளைகள் வீட்டில இருந்திருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தீர்கள்: "உங்கட கோவத்துக்கு அண்டைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிச்சு. நான் கிட்டத்தில இருந்தன், அவ்வளவுதான்."

"மாப்புத் தாங்க அக்கா."

"எப்பவோ தந்தாச்சு. உண்மையச் சொன்னா டீச்சர், நீங்க அப்படிக் கத்தாட்டி நான் அந்த வெயிலில ஓடியிருக்கவே மாட்டன்." சிரிக்கப் போய் இருமினீர்கள். தண்ணீர் எடுத்துத் தந்தேன்.

இரண்டு வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். அழுதேன். ஆனால் அந்த அழுகையின் அடியில் ஒரு நிம்மதி இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்தப் பைலை இன்னும் ஒரு மாதம் கழித்துத் திறந்திருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? நேரத்தோடு கண்டேன், நேரத்தோடு சொன்னேன், உங்கள் வாயால் பதிலும் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

போன மாதம் ஒரு தகப்பன் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் கரப்பந்தில் வென்ற செய்தியில் பிள்ளையின் பெயர் பிழையாக வந்துவிட்டது. வாசலில் நின்றே சத்தம் போட்டார். நான் சரியாகத்தான் எழுதி அனுப்பியிருந்தேன். பிரதி உள்ளே அலுமாரியில் இருந்தது. அதை எடுக்கப் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். சொல்ல வந்ததை அவர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, என் கொப்பியையும் பேனையையும் அவர் முன் வைத்து, மகளின் பெயரை அவர் கையாலேயே எழுதித் தரச் சொன்னேன். அவர் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, ஆறுதலாக எழுதினார்.